எரிமலைக்கு அடியில் குளம் இல்லை

ஆசிரியருக்கு, வணக்கம்.

எரிமலைச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வருகிறது: மலைக்கு அடியில் சிவப்பாக ஒரு பலூன், அதிலிருந்து மேலே ஒரு குழாய். பார்க்க எளிது, ஆனால் தவறு.

பல எரிமலைகளின் அடியில், சில கிலோமீட்டர் ஆழத்தில், மாக்மாவின் (பாறைக்குழம்பின்) பெரும்பகுதி படிகங்கள் நெருக்கியடித்து நிற்கும் கூழாகத்தான் கிடக்கிறது. படிகங்களின் இடுக்கில் மட்டும் திரவம். படிகத்தின் பங்கு ஏறக்குறைய பாதியைத் தாண்டினால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பிறகு கூழ் ஓடாது. எரிமலை வெடிக்க வேண்டுமானால் இடுக்குத் திரவம் பிழிந்து மேலே சேர வேண்டும், அல்லது ஆழத்திலிருந்து சூடான புது மாக்மா வந்து கலக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் பினாதுபோவில் 1991இல் வெடிப்புக்கு முன் டேசைட் எனும் பிசுபிசுப்பான மாக்மாவுக்குள் பசால்ட் எனும் அதைவிடச் சூடான மாக்மா புகுந்தது.

மாக்மா நகர்வதும் குழாய் வழியாக மட்டும் அல்ல. அழுத்தம் பாறையைப் பிளக்க, மாக்மா செங்குத்தான மெல்லிய தகடாகப் பக்கவாட்டில் பாயும். 2023 நவம்பர் 10 அன்று ஐஸ்லாந்தின் கிரின்டவிக் ஊருக்கு அடியில் சில மணி நேரத்தில் சுமார் 15 கி.மீ. நீளத் தகடு செருகியது. மாக்மா கிளம்பிய, அருகிலுள்ள ஸ்வார்ட்ஸெங்கி பகுதியில் தரை தாழ்ந்தது. இடம் மாறிக்கொண்டே போன நிலநடுக்கங்களும் ஜிபிஎஸ் அளவுகளும் பாதையைக் காட்டின. லாவா (தரைக்கு மேல் வழியும் மாக்மா) அன்று வரவில்லை. டிசம்பர் 18இல்தான் வந்தது.

தகடு பாதி வழியில் உறைந்துபோவதும் சகஜம். அப்போது "எச்சரிக்கை பொய்த்தது" என்று தலைப்பிடாதீர்கள். படத்திலும் பலூனை எடுத்துவிட்டு, இடையிடையே திரவம் தேங்கிய கூழை வரையலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்