கோட்டை அருங்காட்சியகத்தில் கப்பல் உணவுக்கும் ஓர் இடம் தாருங்கள்

வேலூர் கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை நடத்தும் அலுவலர்களுக்கும், அதன் காட்சிகளைத் திட்டமிடும் அறிஞர்களுக்கும் வணக்கம்.

1806 ஜூலை 10 அன்று விடியுமுன் இக்கோட்டைக்குள் நடந்த சிப்பாய்ப் புரட்சியை நம் ஊர்ப் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். அன்று கோட்டையில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை 69-ஆம் காலாட்படைப் பிரிவின் நான்கு கம்பெனிகள். நிலத்தில் மட்டுமே போரிட்ட பிரிவு அல்ல அது. ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல்களில் அதன் வீரர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். 1797 பிப்ரவரியில் செயின்ட் வின்சென்ட் முனைக் கடற்போரில் ஸ்பானியக் கப்பலொன்றின் சாளரத்தை உடைத்து உள்ளே புகுந்து வழி திறந்தவர் அப்பிரிவின் சிப்பாய் ஒருவரே. இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருவதற்கு அக்காலத்தில் ஐந்து, ஆறு மாதங்கள் பிடிக்கும். அத்தனை மாதமும் நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு, கெடாத உணவும் குடிக்கத் தகுந்த நீரும் மரக்கப்பலுக்குள் எப்படி இருந்தன என்பதைச் சொல்லாமல், கடல் கடந்து வந்த ஓர் ஆட்சியின் கதை முழுமை பெறாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே, வாளுக்கும் துப்பாக்கிக்கும் இடம் தருகிற கோட்டையில், இந்த உணவுக்கும் நிலையான ஒரு காட்சிப் பகுதி அமைக்க வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படையின் மாலுமி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 கிராம் பிஸ்கட்டும், ஏறத்தாழ நாலரை லிட்டர் பீரும் படியளக்கப்பட்டன. வாரத்துக்கு 1.8 கிலோ உப்பிட்ட மாட்டிறைச்சி, 900 கிராம் உப்பிட்ட பன்றியிறைச்சி. இவற்றோடு பட்டாணி, ஓட்ஸ், வெண்ணெய், பாலாடைக்கட்டி. இறைச்சியைத் துண்டு போட்டு, உப்பும் வெடியுப்பும் தேய்த்து, மரப்பீப்பாயில் அடுக்கி, உப்புநீர் ஊற்றி மூடிவிடுவார்கள். உப்பு தசையிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. எஞ்சும் நீரையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. கெடுக்கும் நுண்ணுயிர்க்கு அருந்த நீர் இல்லாமல் போகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உப்புத்தோல் வந்திறங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. மஞ்சளும் உப்பும் மிளகாயும் பூசி, நூலில் கோத்து, மொட்டைமாடி வெயிலில் தொங்கவிடும் உப்புக்கண்டத்திலும் நடப்பது இதுவே. வேறுபாடு வெயிலில் இருக்கிறது. நாம் உப்போடு வெயிலில் உலர்த்தலையும் சேர்க்கிறோம். ஈரமான வட நாட்டில் அது கைகூடாததால் அவர்கள் உப்புநீரிலேயே ஊறவிட்டார்கள். அதனால்தான் கப்பலில் அந்த இறைச்சியைச் சமைக்கும் முன் பல மணிநேரம் நன்னீரில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டியிருந்தது. குடிநீரே அரிதாகிய இடத்தில் இது எவ்வளவு பெரிய செலவு என்பதைக் காட்சியில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பிஸ்கட்டு என்பது மாவும் நீரும் மட்டும் பிசைந்து சுட்டு, ஈரம் அறவே நீங்க உலர்த்திய கட்டை. ஈரம் ஏறாதவரை அது கெடாது. ஆனால் வண்டு வைக்கும். தண்ணீரின் நிலை இன்னும் மோசம். ஓக் மரப்பீப்பாயில் சில வாரங்களிலேயே பாசி பிடித்து நாற்றமெடுக்கும். பீர் கொண்டுபோனதற்குக் குடிவெறி மட்டுமே காரணமல்ல. தண்ணீரைவிட அது சற்றுக் கூடுதல் நாள் தாங்கும் என்பதும் காரணம். வெப்பக் கடலுக்குள் வந்ததும் அதுவும் புளித்துவிடும், பிறகு ரம்தான். 1740-இல் வெர்னன் என்ற கடற்படைத் தளபதி, அந்த ரம்மில் நான்கு மடங்கு நீர் கலந்தே கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பீப்பாய்க்குப் பதில் இரும்புத் தொட்டி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

இவ்வளவு பாடுபட்டு உணவைக் கெடாமல் வைத்தவர்களால் ஆட்களைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தக் காட்சியின் மையமாக இருக்க வேண்டிய செய்தி இதுதான். 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிய ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பல் அணியில் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். மடிந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். போரில் இறந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோரைக் கொன்றவை நோய்கள், அவற்றுள் முதன்மையானது ஸ்கர்வி. ஈறு வீங்கிக் குருதி கசியும், பல் ஆடும், என்றோ ஆறிய புண் மறுபடி வாய் திறக்கும். மனித உடலால் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்க முடியாது. உப்பிலும் உலர்விலும் காத்த உணவில் அது இருப்பதில்லை. உடலின் இருப்பு ஓரிரு மாதங்களில், மிஞ்சினால் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். எனவே கெடாத உணவை உண்டுகொண்டே ஆள் அழிந்தான்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சால்ஸ்பரி கப்பலில் நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைந்து தேறினார்கள். ஆனால் கடற்படை அதை முழுமையாக ஏற்க 1795 வரை ஆனது. இந்தத் தாமதத்துக்கு அதிகாரிகளை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. பழச்சாற்றை நெடுநாள் வைத்திருக்க லிண்டே சொன்ன வழி, அதைச் சுண்டக் காய்ச்சிக் குழம்பாக்குவது. காய்ச்சிய சூட்டில் பயன் போய்விட்டது. பயன்படுத்தியவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். ஒரு பொருளைக் கெடாமல் காப்பதும், அதனுள் உள்ள சத்தைக் காப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

நம் மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய நிகழ்வு ஒன்று இதற்குப் பின் வருகிறது. 1794 ஏப்ரலில் இங்கிலாந்தை விட்ட சஃபோக் என்ற போர்க்கப்பல், வழியில் எங்கும் கரை தொடாமல் 23 வாரம் கடலிலேயே இருந்து, அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைத் துறைக்கு வந்தது. நாள்தோறும் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாற்றைச் சர்க்கரையோடு ரம்மில் கலந்து கொடுத்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. தலை தூக்கிய ஓரிரு ஸ்கர்வியும் சாற்றின் அளவைக் கூட்டியதும் மறைந்தது. அடுத்த ஆண்டே எலுமிச்சைச் சாறு கடற்படையில் நிலைபெற்றதற்கு இப்பயணம் வலுவான சான்றாக அமைந்தது. வேலூரிலிருந்து ரயிலில் இரண்டு, மூன்று மணிநேரத் தொலைவில் உள்ள துறையில் முடிந்த இந்தப் பயணம், உலகக் கடற்பயண மருத்துவத்தின் முக்கியமான அத்தியாயம். இதற்கு இங்கே ஒரு பலகையேனும் வைக்க வேண்டும்.

சாற்றைக் காய்ச்சாமல் எப்படிக் காத்தார்கள் என்பதைக் கண்ணால் காணும்படி வைத்தால் நம் மக்களுக்குச் சட்டென்று விளங்கும். சாற்றைப் புட்டியில் அடைத்து, மேலே ஒரு விரல்கனம் ஆலிவ் எண்ணெய் நிற்கவிடுவார்கள்; எண்ணெய்ப் படலம் காற்றைத் தடுக்கும். ஊறுகாய் ஜாடியில் காய் மூழ்கும் அளவுக்கு நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் கண்டிப்பது இதே நியாயத்தால்தான். இரண்டையும் அருகருகே கண்ணாடிப் பேழையில் வையுங்கள். மூன்றாவதாக, ஜவ்வாது மலை நெல்லிக்காயை உப்புநீரில் இட்ட ஜாடி ஒன்றும் இருக்கட்டும். எடைக்கு எடை பார்த்தால் எலுமிச்சையைவிட நெல்லியில் வைட்டமின் சி பல மடங்கு. சூட்டிலும் வெயிலிலும் அதுவும் கணிசமாகக் குறையும் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நம்முடையது என்பதற்காக மிகைப்படுத்தினால் காட்சியின் நம்பகம் கெடும்.

ஐரோப்பியரை மட்டும் காட்டி நிறுத்திவிடவும் கூடாது. பதினான்காம் நூற்றாண்டில் கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பல்களைக் கண்ட மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அவற்றில் மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் வளர்த்ததை எழுதியிருக்கிறார். லிண்டுக்கு நானூறு ஆண்டு முன்பே பச்சைக் காய்கறி கடலில் பயணம் செய்திருக்கிறது. மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் கல்லாகக் காயவைக்கும் மாசிக் கருவாடு நம் தென்கடற்கரைச் சமையலில் இன்றும் உண்டு. தகர டப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: 1810-இல் பிரெஞ்சுக்காரர் அப்பேர் கண்ணாடிப் புட்டியில் சூடேற்றி மூடும் முறையை வெளியிட்டார், அதே ஆண்டு லண்டனில் தகரக் கலனுக்குக் காப்புரிமை கிடைத்தது, சில ஆண்டுகளில் கடற்படை அதை வாங்கத் தொடங்கியது.

காட்சிப் பலகையில் ஒரு நுட்பம் விடுபடக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கடற்படை, மத்தியதரைக் கடற்கரையின் பெரிய எலுமிச்சையை விட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சைக்கு மாறியது. அதில் சத்து குறைவு. சாறு செப்புக் குழாய்களின் வழியே சென்றதில் இருந்ததும் அழிந்தது. 1875-இல் வடதுருவம் நோக்கிப் போன குழுவை ஸ்கர்வி மறுபடி தாக்கியதும், பழச்சாற்றின் மேலேயே ஐயம் எழுந்தது. 1928-இல் ஹங்கேரிய அறிவியலாளர் சென்ட்-ஜியோர்ஜி ஸ்கர்வியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, சில ஆண்டுகளில் அதுவே வைட்டமின் சி என்று உறுதிப்பட்ட பின்னரே குழப்பம் தீர்ந்தது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். ஒரு மரப்பீப்பாய், ஒரு வாரப் படியை அளந்து வைத்த தட்டு, மூன்று கண்ணாடிக் கலன்கள், பயணவழியைக் காட்டும் வரைபடம், தமிழில் தெளிவான பலகைகள், இவ்வளவே. கப்பல் பிஸ்கட்டை மாவு, நீர் தவிர வேறெதுவும் சேர்க்காமல் நம் ஊர் பேக்கரி அடுப்பிலேயே சுட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்து உடைத்துப் பார்க்க வகை செய்யுங்கள். அடுத்த ஜூலை 10-க்குள் இதைத் திறக்க நீங்கள் முடிவெடுத்தால், பலகைகளுக்கான வாசகங்களை எழுதித் தரவும், உப்பிடுதலை மாணவர்களுக்குச் செய்முறையாகக் காட்டவும் கைம்மாறு எதிர்பாராமல் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.