இடுப்புக் குழி: பயிற்சியால் வருவதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்முதுகில் சிலருக்கு மட்டும் ஏன் இரு குழிகள் விழுகின்றன என்று கேட்ட வாசகிக்கு, தங்கள் நாளிதழின் நலவாழ்வு இணைப்பில், சில பயிற்சிகளை மூன்று மாதம் விடாமல் செய்தால் எவருக்கும் அவை வந்துவிடும் என்று பதில் தரப்பட்டிருந்தது. மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இடுப்பெலும்பின் பின்பக்க மேல்முனை தோலை ஒட்டி வரும் இடம் அது. அந்த முனையோடு தோலை ஒரு குட்டையான நார்த்திசு இழுத்துப் பிடித்திருக்க, சுற்றியுள்ள சதை மேடாக நிற்பதால் நடுவில் குழி தெரிகிறது. எலும்பு முனை எல்லோருக்கும் உண்டு. குழி விழுவதும் விழாததும் பிறவி அமைப்பு. உடல் இளைத்தால், இருக்கிற குழி எடுப்பாகத் தெரியலாம், அவ்வளவுதான். ஆண்களுக்கும் இது உண்டு என்பதைப் பதில் எழுதியவர் ஏனோ மறந்துவிட்டார்.

என் தங்கை மகனுக்கு எலும்பு மஜ்ஜை எடுத்தபோது, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்த மருத்துவர், கட்டைவிரலால் அந்தக் குழியைத் தடவி எலும்பு முனையைக் கண்டுபிடித்து, பேனாவால் புள்ளி வைத்த பிறகுதான் மரத்துப்போகும் ஊசியையே கையில் எடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கீல் நகரில் பேறுகால மருத்துவராக இருந்த குஸ்டாஃப் மிக்கேலிஸின் பெயரால் வழங்கும், கீழ்முதுகில் தெரியும் சாய்சதுர வடிவத்துக்கும் இந்த இரு குழிகளே பக்க முனைகள். அது கோணலாக இருந்தால் இடுப்புக்கூடும் கோணியிருக்கலாம், பிரசவம் சிரமமாகலாம் என்று அக்கால மருத்துவர்கள் கணித்தார்கள்.

அதே பதிலில், பச்சிளங் குழந்தைகளின் முதுகுக்குழியும் இதே வகைதான் என்று ஒரு வரி இருந்ததே எனக்குப் பெரிய கவலை. பக்கத்துக்கு ஒன்றாக இல்லாமல், முதுகின் நடுக்கோட்டில், பிட்டப் பிளவை ஒட்டித் தெரியும் ஒற்றைக் குழி வேறு. அதுவும் பெரும்பாலும் தீங்கற்றதே. ஆனால் அது ஆழமாகவோ, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகவோ, ஆசனவாயிலிருந்து 2.5 சென்டிமீட்டருக்கு மேலே தள்ளியோ இருந்தால், அல்லது அங்கே மயிர்க்கற்றையோ நீர்க்கசிவோ காணப்பட்டால், தண்டுவடக் குறைபாடு உண்டா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். வாசகியின் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த ஒரு வரி அவரை அசட்டையாக இருக்கச் செய்துவிடும். அதற்கேனும் அடுத்த வார இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.