வைப்பர் கயிறும் கயலின் பட்டியலும்

மஞ்சக்குப்பம், கடலூர்
வெள்ளி இரவு

அன்புள்ள ராசு,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போனில் பேசலாமென்றால் பாதியில் உன் மாட்டுக்குத் தாவிவிடுவாய். இங்கே எல்லாரும் சௌக்கியம். வீட்டில் அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். விமானம் ஓட்டுகிறாளே நம் கயல், அவள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, போன மாதம் முதல்முறையாக விமானம் ஏறினேன். சென்னையிலிருந்து டெல்லி. அவள் ஓட்டிய விமானம் இல்லை, வேறு. ஏறி உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வெக்கை. கேப்டன் மைக்கில் சொல்கிறார்: ஏபியு வேலை செய்யவில்லை, வெளியிலிருந்து காற்று கொடுத்து இன்ஜினைக் கிளப்புவோம், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். 35 வருஷம் வண்டி ரிப்பேர் ஷெட்டில் கிடந்தவன் காதில் அது எப்படி விழும்? தள்ளு ஸ்டார்ட்! பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். பணிப்பெண் வந்து, "தாத்தா, உட்காருங்க" என்றாள். அந்தத் 'தாத்தா'வில்தான் அடங்கினேன்.

திரும்பி வந்ததும் கயலைப் பிடித்துக்கொண்டேன். ரிப்பேர் வண்டியைத்தான் ஓட்டுகிறாயா என்று. சிரித்தாள். வால் பக்கம் இருக்கும் சின்ன இன்ஜின்தான் ஏபியுவாம். தரையில் நிற்கும்போது கரண்டும் காற்றும் தருவது அது. மேலே போய்விட்டால் அந்த வேலையைப் பெரிய இன்ஜின்களே பார்த்துக்கொள்ளும். அதனால் அது கெட்டால், தரையில் காற்று ஊதும் வண்டியைக் கொண்டுவந்து ஒரு இன்ஜினைக் கிளப்பி, அதன் காற்றிலேயே அடுத்ததையும் கிளப்புவார்கள்.

எது கெட்டால் போகலாம், எது கெட்டால் போகக்கூடாது என்பதற்கு ஒரு புத்தகமே இருக்கிறதாம். எம்இஎல் என்கிறார்கள். விமானம் செய்தவர்கள் தரப்பிலிருந்து வரும் மூலப் பட்டியலை வைத்துக் கம்பெனி தன் பட்டியலை எழுதும். மூலத்தைவிடக் கறாராக இருக்கலாம், தளர்வாக இருக்கக்கூடாது. விமானங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ ஒப்புக்கொண்டால்தான் செல்லும். தள்ளிப்போட்ட ஒவ்வொரு பழுதுக்கும் கெடு உண்டு. சிலதுக்கு 3 நாள், சிலதுக்கு 10, ரொம்ப அற்பமானதுக்கு 120. கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. இன்ஜினீயர் டெக் லாக் என்கிற பழுது நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கெட்ட சுவிட்ச் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவார். ஏறுகிற பைலட் அதைப் படித்துவிட்டுத்தான் எண்ணெய்க் கணக்கே போடுவார்.

நம் ஷெட்டிலும் நோட்டு இருந்ததே, ராசு. டிரைவர் கம்ப்ளெய்ன்ட் நோட்டு. நீ பக்கம் பக்கமாக எழுதுவாய், நான் எதிரே 'பார்க்கப்பட்டது' என்று எழுதுவேன். பார்த்தேன், அவ்வளவுதான்! கெடுவா, ஸ்டிக்கரா?

அடுத்து அவள் சொன்னதுதான் வேடிக்கை. விமானத்திலும் வைப்பர் உண்டாம். அது கெட்டாலும் போகலாமாம், ஏறும் ஊரிலும் இறங்கும் ஊரிலும் மழை இல்லாவிட்டால். எனக்கு உடனே மரக்காணம் ஞாபகம்தான். கிளீனர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கயிற்றால் வைப்பரை இழுக்க, நீ அவனைத் திட்டிக்கொண்டே பாண்டிவரை ஓட்டியது. அந்த வண்டியை மழைக்காலத்தில் அனுப்பியவன் யார்? நான்தான். கயலிடம் அதைச் சொல்லவில்லை.

நடுவானில் கெட்டால் என்ன செய்வாய் என்றேன். பறக்கத் தொடங்கிய பிறகு அந்தப் புத்தகம் முடிவு சொல்லாது, வேறு செக்லிஸ்ட் இருக்கிறது என்றாள். ஆனால் இறங்கும் ஊரில் ஸ்பேர் இல்லையென்றால் திரும்பக் கிளம்ப முடியுமா என்று பார்க்க, அதையும் ஒரு புரட்டு புரட்டுவார்களாம்.

என் கவலை வேறே. இரண்டு சின்னப் பழுது ஒன்றாகச் சேர்ந்தால்? ஒவ்வொன்றாகப் பார்த்தால் பட்டியல் 'போ' என்கிறது. சேர்த்துப் பார்ப்பது யார்? கேப்டன்தான் என்றாள். பட்டியல் அனுமதித்தாலும் அவர் வேண்டாமென்று சொல்லலாம். போன ஐப்பசியில் ஒரு கேப்டன் அப்படிச் சொன்னாராம். வானிலை ரேடார் கோளாறு, வழியெல்லாம் இடிமேகம். விமானத்தை மாற்றினார்கள். பயணிகள் கூச்சல் போட்டார்கள். கம்பெனியில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை, ராசு. உன் நினைப்புதான். பிரேக்குக்கான ஏர் பிரஷர் மீட்டர் செத்துப்போன வண்டியை எடுக்கமாட்டேன் என்று சாவியை மேஜையில் வைத்தாயே. முதலாளி 3 நாள் கூலி பிடித்தார். வேறொருவன் அதே வண்டியைச் சிதம்பரம்வரை ஓட்டி, பத்திரமாகத் திரும்பி வந்தான். ஷெட்டே உன்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். உன் பக்கம் சரி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நீ அதை எடுத்துப் பேசவில்லை.

சரி. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வா. கயல் லீவு போடுகிறேன் என்றிருக்கிறாள். அவள் இன்னும் கோ-பைலட்தான், பக்கத்து இருக்கையில் பெரிய கேப்டன். வேண்டாம் என்று வாய் திறக்கவேண்டிய நாள் அவளுக்கும் வரும். அன்று நீ எப்படிச் சொன்னாய் என்று அவளிடம் சொல். நான் சொன்னால் எடுபடாது, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மாட்டைக் கேட்டதாகச் சொல்.

உன்
கோவிந்தன்