தாடகைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தாடகைக்கு,

சின்ன வயதில் உன் கதையைச் சொன்னவர்கள் கோரைப்பல், சூலம், ஆள் தின்னி என்று பயமுறுத்தியதோடு சரி. நீ பிறக்கும்போது அரக்கியே இல்லை என்பதை ரொம்பக் காலம் கழித்துத்தான் படித்தேன். பிள்ளையில்லாத சுகேது என்ற யட்சன் தவம் கிடந்து பெற்ற மகள், ஆயிரம் யானை பலம், கணவன் சுந்தன், மகன் மாரீசன். அகத்தியர் கோபத்தில் சுந்தன் செத்துப்போக, நீ மகனைக் கூட்டிக்கொண்டு அவரை அடிக்கப் பாய்ந்தாய், அவர் சபித்தார், யட்சி அரக்கியானாள். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியுமா? முனிவராவது கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

சரி, அதற்கப்புறம் நீ செய்தது? மலதமும் கரூசமும் செழிப்பாக இருந்த நாடுகள். அங்கே உழுதவனும் மாடு மேய்த்தவனும் உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே. ஒருத்தர் மேல் இருந்த ஆத்திரத்தை இரண்டு நாட்டின் தலையில் இறக்கி, மனிதர் கால் வைக்க முடியாத காடாக்கி வைத்தாய். இந்த இடத்தில் உனக்காகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ராமனுக்கும் முதலில் கை வரவில்லை. பெண்ணாயிற்றே என்று தயங்கினான். வால்மீகியில், கொல்ல மனமில்லை, நடமாட்டத்தை மட்டும் ஒடுக்குகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்க்கிறான். விசுவாமித்திரர்தான் அந்தி சாய்ந்தால் அரக்கர் பலம் கூடிவிடும் என்று அவசரப்படுத்தினார். உன் சாவை அறத்தின் வெற்றி என்று பேசுகிறவர்கள் இந்தத் தயக்கத்தை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கோ அந்தக் கதையில் அறம் கண்ணில் படுவதே அங்கேதான்.

அப்புறம் அந்த அம்பு. உன் கல் நெஞ்சில் தங்காமல் முதுகுப்பக்கம் கழன்று போனதாம், கல்லாத புல்லர்களுக்கு நல்லவர்கள் சொன்ன பேச்சைப் போல. கம்பன் உவமை, கேட்டதும் ஆஹா என்று வாய் வந்துவிடும். ஆனால் உன்னிடம் நல்ல பேச்சுப் பேசியவர் யார்? ஒரு முனிவர் சாபம் போட்டார், இன்னொருவர் அம்பு போடச் சொன்னார்.

உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீதையைத் தூக்க உதவி கேட்டு ராவணன் வந்தபோது, வேண்டாம், குலத்தோடு அழிந்துபோவாய் என்று மன்றாடியவன் உன் மகன் மாரீசன். அந்தப் பேச்சு ராவணனிடம் தங்கவில்லை. கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். மாரீசன் பொன்மானாகி ஓடினான், உன்னைக் கொன்ற அதே கை விடும் அம்பை வாங்க.