மலையில் இழுவை குறைந்தால் பதற வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய் வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் எங்கள் கராஜில் சொல்லும் முறைப்பாடு இது: “கொழும்பில் நல்லா ஓடின கார், ஹட்டன் தாண்டினதும் இழுக்கவே இல்லை.” சிலர் வழியிலேயே யாரோ சொன்னதைக் கேட்டு பியூவல் பம்ப், பிளக் எல்லாம் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் காசு வீணாவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் ஒவ்வொரு முறையும் இழுக்கும் காற்றின் கன அளவு எங்கே போனாலும் ஒன்றுதான். அந்தக் காற்றின் எடைதான் மாறுகிறது. எடை குறைந்தால் எரியக்கூடிய பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் அந்த ஊர்க் குளிர் கொஞ்சம் ஈடு கொடுக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் எஞ்சின் வலுவில் சுமார் 15 வீதம் குறையும். பெரிய எஞ்சினில் இது தெரியாது. 50 குதிரைவலுக் காரில் ஏழெட்டுக் குதிரைவலு போய்விடும். நாலு பேர், பைகள், ஏசி, செங்குத்தான ஏற்றம் எல்லாம் சேரும்போது கார் திணறத்தான் செய்யும்.

காற்றோடு பெற்றோலைக் கலக்கும் காபரேற்றர் உள்ள பழைய கார்களுக்கு இன்னொரு சிரமம். காற்று குறைந்தாலும் பெற்றோல் அதற்கேற்பக் குறையாது. கறுப்புப் புகையும் பெற்றோல் வாசனையும் வரும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களில் சென்சர் பார்த்துப் பெற்றோலைத் தானே குறைத்துவிடும். ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. டர்போ உள்ள எஞ்சின் காற்றை அழுத்தி அனுப்புவதால் பெரிதாகப் பாதிக்கப்படாது. ஹைபிரிட் காரின் மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. ஆனால் நீண்ட ஏற்றத்தில் பற்றரி இறங்கிவிட்டால் எஞ்சின் மட்டும்தான் இழுக்க வேண்டும்.

“95 பெற்றோல் அடித்தால் ஏறுமா?” என்று பலர் கேட்கிறார்கள். அதனால் இந்தக் குறை தீராது. 95 தடுப்பது நொக்கைத்தான், அதாவது பெற்றோல் தானாகவே பற்றி எஞ்சினுக்குள் தட்டுவதை. உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் எஞ்சின் நொக் அடிக்கும் வாய்ப்பும் குறைவு. உங்கள் காருக்கு எந்தப் பெற்றோல் சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே அடியுங்கள்.

ஏற்றத்தில் நேரத்தோடு கியரைக் குறையுங்கள். எஞ்சின் சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். ஏசியை நிறுத்துங்கள், வெளியே நல்ல குளிர்தானே. இறங்கும்போதும் சிறிய கியரிலேயே வாருங்கள், ஓட்டோ கியர் கார் என்றால் L அல்லது B. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இது இழுவையைவிட முக்கியம், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

சரி, உண்மையிலேயே பழுது இருந்தால் எப்படித் தெரியும்? திரும்பி வரும் வழியில் அவிசாவளைக்கு இறங்கியதும் கவனியுங்கள். பழைய இழுவை வந்துவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம். அங்கேயும் வராவிட்டால், அல்லது எஞ்சின் லைட் எரிந்தால், உடனே கொண்டுவாருங்கள். அடைத்துப்போன ஏர் பில்டரே பல நேரம் காரணமாக இருக்கும்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்தால் பில்டர், ரேடியேற்றர் தண்ணீர், பிரேக் மூன்றையும் பார்த்துத் தருகிறோம். பார்ப்பதற்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கராஜ், வெள்ளவத்தை