வாரத்துக்கு எவ்வளவு ஓடினால் போதும்?

அன்பு கண்ணம்மா,

வேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடமுமாக நாள் ஓடிவிடுகிறது, வாரம் 40 கிலோமீட்டர் ஓடுவதெல்லாம் இனி நடக்காது, உடம்பு இப்போது இருக்கிற நிலையிலிருந்து இறங்காமல் இருக்கக் குறைந்தது எவ்வளவு ஓட வேண்டும் என்று கேட்டிருந்தாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று நாள், எல்லாம் சேர்த்து 75 முதல் 90 நிமிடம். உன் வேகத்துக்கு அது 12-லிருந்து 15 கிலோமீட்டர் வரும். அந்த மூன்றில் ஒரு நாள் நன்றாக மூச்சு வாங்கும்படி ஓட வேண்டும். மூன்று நாள் கிடைக்காத வாரத்தில் இரண்டு நாள் ஓடு. ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் அது மூச்சு வாங்கும் நாளாக இருக்கட்டும்.

இந்தக் கணக்கைக் கிலோமீட்டரில் வைத்துக்கொள்ளாதே, நிமிடத்தில் வை. இதயத்துக்கும் தசைக்கும் தெரிவது எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை என்பது மட்டும்தான். கிலோமீட்டரை எண்ணினால் வெயில் நாளிலும் மேட்டுப் பாதையிலும் எண்ணை எட்டுவதற்காகத் தேவையில்லாமல் உடம்பை வருத்துவாய்.

75 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு என்று இருக்கிறது. வேகநடை மிதமானது, ஓட்டம் பெரும்பாலானவர்களுக்குக் கடுமையானதில் சேரும். நோயில்லாமல் நெடுநாள் வாழ்வது மட்டுமே குறி என்றால் இதைவிடக் குறைவாக ஓடினாலும் பலன் உண்டு. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கூப்பர் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வந்த 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓடாதவர்களோடு ஒப்பிட்டால் ஓடியவர்களிடம் எந்தக் காரணத்தாலும் நேரும் இறப்பு 30 சதவீதமும், இதய, ரத்தநாள நோயால் நேரும் இறப்பு 45 சதவீதமும் குறைவாக இருந்தன. வாரம் 51 நிமிடத்துக்கும் குறைவாக, ஒன்றிரண்டு தடவை மட்டும், அதுவும் மெதுவாக ஓடியவர்களுக்கும் அந்த நன்மை இருந்தது. ஓடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள் என்பதால் எல்லாப் பெருமையையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் கொஞ்சமாக ஓடுவது வீண் இல்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

நீ கேட்டது ஆயுளைப் பற்றி மட்டும் இல்லை, சேர்த்து வைத்த திறனைக் காப்பாற்றுவதைப் பற்றி. அதற்குப் பொருத்தமான ஆராய்ச்சி 1980-களில் சிகாகோவில் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் செய்தது. வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு 15 வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். நாட்களை நான்காகவோ இரண்டாகவோ குறைத்தபோது, உடம்பு அதிகபட்சம் எடுத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு, அதாவது உன் கைக்கடிகாரம் வி.ஓ.டூ மேக்ஸ் என்று காட்டுவது, இறங்கவில்லை. நாட்களை அப்படியே வைத்து 40 நிமிடத்தை 26 ஆகவும் 13 ஆகவும் வெட்டினார்கள், அப்போதும் இறங்கவில்லை. கடுமையை மூன்றில் ஒரு பங்கும், மூன்றில் இரண்டு பங்கும் குறைத்தபோதுதான் சேர்த்தது கைவிட்டுப் போனது.

இரண்டு நாள் 40 நிமிடம் என்றால் 80 நிமிடம். ஆறு நாள் 13 நிமிடம் என்றால் 78 நிமிடம். உனக்கு நான் சொன்ன எண்ணும் அதே இடத்தில்தான் நிற்கிறது. திறனை வளர்க்க நிறைய வேண்டும், வைத்துக்கொள்ள அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் வேகத்தில் கை வைக்கக் கூடாது. நேரமில்லாதவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாட்களைப் பிடித்துக்கொண்டு, வேகத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியும் படியேறினால் மூச்சிரைக்கிறதே என்று கேட்பவர்களில் பலர் இப்படி ஓடுகிறவர்கள்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 13 நிமிடமாக வெட்டிய குழுவில், நீண்ட நேரம் தாங்கும் திறன் மட்டும் குறைந்தது. உனக்கும் அப்படித்தான் ஆகும். 5 கிலோமீட்டரை இன்றைய வேகத்தில் ஓடிவிடுவாய். அரை மராத்தானின் கடைசி 6 கிலோமீட்டர் கடினமாகும். அதை மறுபடி ஓட ஆசை வந்தால் மூன்று மாதம் முன்னால் தனியாகத் தயாராக வேண்டும்.

இனி வாரத்தைப் பார்ப்போம். முக்கியமான நாளை வாரத்தின் முற்பகுதியில் வை. பிற்பகுதியில் வைத்தால் வேலை அதைத் தின்றுவிடும். முதல் 10 நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கு. பிறகு 4 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் நடையோ மெல்லோட்டமோ. இப்படி நான்கு தடவை. நான்காவது வேகத்துக்குப் பிறகு மட்டும் அந்த 3 நிமிடத்துக்குப் பதிலாக 5 நிமிடம் மெதுவாக. மொத்தம் 40 நிமிடம். வேகம் என்றால் தலைதெறிக்க ஓடுவது இல்லை. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாது, ஆனால் இன்னும் ஒரு நிமிடம் ஓடச் சொன்னால் முடியும், அந்த வேகம். எல்லாரும் கெடுத்துக்கொள்வது முதல் சுற்றில்தான். கால் புதிதாக இருக்கும்போது பறந்துவிட்டு, மூன்றாவதில் நடப்பார்கள். நான்காவது சுற்றில் கடந்த தூரம் முதல் சுற்றுக்குச் சமமாகவோ ஒரு பிடி கூடுதலாகவோ இருந்தால் சரியாக ஓடியிருக்கிறாய் என்று அர்த்தம். இதயத்துடிப்பு வேகத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாகத்தான் ஏறும். அதனால் முதல் நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்து, போதவில்லை என்று இன்னும் விரட்டாதே.

அன்றைக்கு 20 நிமிடம்தான் இருக்கிறதா? 8 நிமிடம் மெதுவாக, பிறகு 1 நிமிடம் வேகம், 1 நிமிடம் மெதுவு என்று ஆறு தடவை. முழுமையான மாற்று இல்லைதான், ஆனால் அந்த வாரத்தைக் காப்பாற்றிவிடும்.

மற்ற இரண்டு நாளும் 25 நிமிடம் போதும், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். நாடித்துடிப்பைப் பார்ப்பாய் என்றால், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழித்தால் அதிகபட்சத் துடிப்பு ஏறக்குறைய வரும். 34 வயதுக்கு 184. மெதுவான நாளில் 120-லிருந்து 138-க்குள் இருந்தால் நல்லது. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு கூடக் குறைய இருக்கும் என்பதால் எண்ணுக்கும் மூச்சுக்கும் சண்டை வந்தால் மூச்சை நம்பு. மணிக்கட்டுக் கடிகாரம் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது திடீரென 170 காட்டினால் வாரை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளிக் கட்டிப் பார். இந்த இரண்டில் ஒரு நாளின் முடிவில் 15 விநாடி நல்ல வேகத்தில் நான்கு தடவை ஓடு, நடுவே முழுதாக ஓய்வெடுத்து. கால் வேகத்தை மறக்காமல் இருக்க அது போதும். கடும் நாளுக்கு மறுநாள் ஓடாதே.

வாரம் தவறினால் பதறாதே. ஓடுவதை அடியோடு நிறுத்திய பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களையும் சைக்கிள்காரர்களையும் 1984-இல் எட்வர்ட் காயில் குழு அளந்து பார்த்தது. முதல் மூன்று வாரத்தில் வி.ஓ.டூ மேக்ஸ் 7 சதவீதம் இறங்கியது, எட்டு வாரத்தில் 16 சதவீதம். முதலில் குறைவது ரத்தத்தின் அளவு; அதனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது. திரும்ப ஓட ஆரம்பித்தால் அது சீக்கிரம் மீளும். ஆகவே ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடங்கு. இரண்டு மூன்று வாரம் விட்டால் முதல் வாரம் பாதி நேரம், கடும் ஓட்டம் இல்லாமல். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நடையை எடுத்துவிடு. தவறியதை ஈடுகட்ட அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடுவதுதான் செய்யக் கூடாதது.

எனக்கு உன் விஷயத்தில் கவலை தருவது இந்த இடம்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும், எலும்பும் தசைநாணும் தேற மாதக்கணக்கில் ஆகும். 40 கிலோமீட்டர் ஓடிய இதயம் உனக்கு இன்னும் இருக்கும், அந்தக் கால்கள் இருக்காது. தோழிகள் கூப்பிட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 12 கிலோமீட்டர் ஓடினால் மூச்சு தாங்கும், கால் தாங்காது. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்த 532 பேரை வைத்து 2008-இல் சோதித்தபோது, அந்த விதிப்படி மெல்ல ஏற்றியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு, வந்தது. வாரக் கணக்கை விட ஒரு தனி ஓட்டத்தின் நீளத்தைக் கவனிப்பது நல்லது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தை வைத்துக்கொள். அடுத்தது அதைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருக்கட்டும்.

வலி வந்தால் இடம் பார். முட்டிக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பின் உள்பக்கம் நீளமாகப் பரவிய வலி என்றால் ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஒரு நாள்கூட ஓடாமல் மருத்துவரிடம் போ. குதிகாலுக்கு மேலே உள்ள நாண் காலையில் விறைத்து, நடக்க நடக்க இளகினால் முழு ஓய்வு உதவாது. வேக ஓட்டத்தை நிறுத்திவிட்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியைத் தினமும் செய். படி இறங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலித்தால் காலடியின் நீளத்தைச் சுருக்கு. அதே வேகத்தில் நிமிடத்துக்கு 160 அடி வைப்பாய் என்றால் 168 ஆக்கிப் பார், முட்டியில் விழும் சுமை குறையும். எந்த வலியானாலும் பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் ஓடலாம். தாண்டினால் நிறுத்து.

முட்டி தேய்ந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதே. பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் பார்த்தபோது, உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10.2 சதவீதம்.

ஓட்டம் தராத ஒன்று தசை பலம். வாரம் இரண்டு நாள், 15 நிமிடம் ஒதுக்கு. ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது காலுக்கு 12, உட்கார்ந்து எழுவது 12, கை ஊன்றி எடுக்கும் தண்டால் முடிந்த அளவு, இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது 12. எல்லாம் மூன்று சுற்று. மெதுவான ஓட்டம் முடிந்த கையோடு செய்தால் தனி நாள் தேட வேண்டாம்.

எடையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஓட்டத்தில் செலவாகும் சக்தி கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஏறக்குறைய ஒரு கலோரி. 60 கிலோ எடைக்கு 40 கிலோமீட்டர் என்றால் 2,400. 15 கிலோமீட்டர் என்றால் 900. வாரம் 1,500 கலோரி குறைகிறது, பசி அதே வேகத்தில் குறையாது. இதயத் திறன் அப்படியே இருக்க, எடை மட்டும் மெல்ல ஏறுவது இதனால்தான். அதை ஓட்டத்தைக் கூட்டி அடைக்கப் பார்க்காதே. தினமும் அரைமணி நடையைச் சேர்த்துக்கொள், தட்டில் கொஞ்சம் கைவை.

காய்ச்சலோ உடம்பு வலியோ நெஞ்சுச் சளியோ இருந்தால் ஓட்டம் கூடாது. ஓடும்போது நெஞ்சு அழுத்தினாலோ கண் இருட்டினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்.

எட்டு வாரம் இப்படி ஓடிப் பார். ஆனால் தொடங்குமுன், இந்த வாரத்திலேயே, ஓர் அளவு எடுத்து வை. அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968-இல் எழுதிய சோதனை போதும். சமதளத்தில், உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறாய் என்று பார். மீட்டரில் வரும் தூரத்திலிருந்து 505-ஐக் கழித்து 44.7-ஆல் வகுத்தால் உன் வி.ஓ.டூ மேக்ஸ் ஏறக்குறைய வரும். 2,400 மீட்டருக்கு 42. எட்டாவது வார முடிவில் அதே இடத்தில், அதே வேளையில் மறுபடி ஓடு. 100 மீட்டர் முன்னே பின்னே இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். 200 மீட்டர் குறைந்திருந்தால் மெதுவான நாட்களில் ஒன்றை இரண்டாவது கடும் நாளாக்கலாம், நிமிடத்தைக் கூட்டாதே. இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு, அதற்கு மேல் என்ன மாற்றலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா