கிணற்றடி வயலுக்கு அட்வான்ஸ் வாங்காதே

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் "சரிடா, பார்ப்போம்" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி, தங்கச்சியையும் படிக்கச் சொல்.

கிணற்றடி வயலை விலை பேசுகிறாய் என்று லாரன்ஸ் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உன் மகள் செல்வி இன்ஜினியரிங் படிப்பதில் உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் மார்க்கை வைத்து அரசு இடம் ஒதுக்கும் கவுன்சலிங்கே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் கல்லூரிக்காரர்களே நிரப்பும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வயலை விற்று எதற்குடா முன்பணம்?

நீ அனுப்பிய கல்லூரிக் காகிதத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்விக் கட்டணம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில் "இதர கட்டணங்கள் தனி". பஸ், ஹாஸ்டல், மெஸ், பிளேஸ்மென்ட் பயிற்சி எல்லாம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். என் மூத்தவன் சேர்ந்தபோது வீட்டில் ஒரு கணக்கு நோட்டு போட்டாள். முதல் பக்கத்திலேயே டிராஃப்டர், ஒர்க்‌ஷாப் ஷூ, கால்குலேட்டர், ரெக்கார்டு நோட்டு என்று ஒரே வரிசை. இதில் எதுவும் கல்லூரி ரசீதில் வராது. நான்கு வருடத்துக்கும் இப்படி எழுதிக் கூட்டிப் பார், அப்புறம் வயலைப் பற்றிப் பேசுவோம்.

"இந்த மார்க்குக்கு கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது" என்று உனக்கு சீட் பிடித்துத் தருகிற அந்த ஏஜென்ட் சொன்னானாம். கணக்கு 88, இயற்பியல் 82, வேதியியல் 85. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200க்கு 171.5. கவுன்சலிங்கில் பார்க்கும் கட்-ஆஃப் மார்க் இதுதான். இதை வைத்துக்கொண்டு எதற்கு அவன் பின்னால் போகிறாய்? தனியார் கல்லூரிகளே சிறுபான்மையினருடையது என்றால் பாதி இடங்களையும், மற்றவை 65 சதவீதத்தையும் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. அவன் சொல்லும் அதே கல்லூரியே செல்விக்கு அந்த வழியில் கிடைக்கலாம். அப்போது கட்டணம் அரசு அமைத்த குழு நிர்ணயித்ததுதான்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் செல்விதான் முதல் பட்டதாரி. (நீ பி.காம்.மை விட்டுவிட்டு ஓடிய கதையை நான் இங்கே எடுக்கவில்லை.) கல்விக் கட்டணத்தில் கிடைக்கும் முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் உண்டு. மேனேஜ்மென்ட் சீட்டில் கையெழுத்துப் போட்ட அன்றே அது போய்விடும். இ-சேவை மையத்தில் அந்தச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இந்த வாரமே விண்ணப்பித்துவிடு. செல்வி ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில்தானே படித்தாள்? அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்ததை இவர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். மெஸ் பில்லில் ஒரு பங்கு அதிலேயே கழியும்.

மீதிக்கு வங்கிக் கடன் இருக்கிறது. நான்கு லட்சம் வரை நம் கையிலிருந்து பங்கு போட வேண்டாம், சொத்தும் அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பது உண்மைதான். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் பின்னால் சுமை ஏறாது. கடனை அடைத்துவிடலாம் சண்முகம், வித்த வயலை எங்கே போய்த் திரும்ப வாங்குவது? உன் அப்பா அந்தக் கிணற்றை வெட்டியபோது நாம் இரண்டு பேரும்தானே கூடையில் மண் சுமந்தோம்?

ஒருவேளை நல்ல கல்லூரி எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும் வழி அடைபட்டுவிடாது. பன்னிரண்டாவது முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். லாரன்ஸ் மகன் அப்படித்தான் போனான். ஒரு வருடம் கூடுதலாகும், ஆனால் பாலிடெக்னிக் செலவு பாதிகூட வராது. செல்விக்கே பி.எஸ்சி. கணிதத்தில் ஒரு கண் இருக்கிறது என்று தங்கச்சி ஒரு தடவை சொன்னாள். அதையும் அவளிடம் கேள். நீயாக முடிவு பண்ணாதே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்தக் கல்லூரியிலும் "வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் கொடுக்காதே. அப்படிப் பிடித்து வைக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். விருப்பப் பட்டியலில் எந்தெந்தக் கல்லூரியைப் போடலாம் என்று செல்வியோடு உட்கார்ந்து பார்க்கலாம். அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதே, யாருக்கும் கொடுக்கவும் செய்யாதே.

அன்புடன்,
ராமு